வறுமை மட்டும்தான் காரணமா?



தாம்பரத்தில் இந்த நினைவுச் சொற்பொழிவுக்காகக் கூடியிருக்கும் நாம் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு உண்டு: "வீட்டில் கஷ்டம், அதனால் பிள்ளை வேலைக்குப் போகிறது." கஷ்டம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமா?

1894இல் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார். சேரிக்குப் பக்கத்தில் பள்ளி வந்தது, நம் பிள்ளைகள் படித்தார்கள். 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவு கொடுத்தது, வகுப்பறைகள் நிரம்பின. இரண்டு முறையும் பெற்றோரின் வறுமை ஒழிந்துவிடவில்லை. பள்ளியின் கதவு திறந்தது, சோறு கிடைத்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க அறிஞர் மைரன் வீனர் 1991இல் இந்தியக் குழந்தை உழைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஏழை நாடுகள் பல கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்திய பிறகும் இந்தியா ஏன் தயங்கியது என்று கேட்டார். வருமானக் குறைவு அதற்கு விடையாகவில்லை. மூளையால் உழைப்பவர், கையால் உழைப்பவர் என்று பிறப்பிலேயே பிரித்துப் பார்க்கும் மேல்தட்டு மனநிலையையே அவர் சுட்டினார். அந்த மனநிலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாதி.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று தமிழகம் அதை எதிர்த்தது, 1954இல் அது கைவிடப்பட்டது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. ஆபத்தான தொழில்கள் மட்டும் விலக்கு. சித்தப்பா, மாமா, அத்தையும் அந்தக் குடும்பத்தில் அடக்கம். குடும்பத் தொழில் என்பதே சாதித் தொழிலாக இருக்கிற நாட்டில், அடைத்த கதவுக்குப் பின்வாசல் திறந்தது யார்?

நம் கண்ணெதிரே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் இருக்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட மக்கள் அங்கே அடுக்குமாடிகளில் கொட்டப்பட்டார்கள். கல்வியாண்டின் நடுவிலேயே வீடு இடிபட்ட பிள்ளைகளும் உண்டு. பழைய பள்ளி தூரமாகிறது. வீட்டு வேலைக்குப் போகும் அம்மா விடியும் முன்பே பஸ் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் படிப்பை நிறுத்துகிறாள். அவளை எந்தக் கணக்கெடுப்பும் குழந்தைத் தொழிலாளி என்று எழுதாது. இந்த வறுமையை உண்டாக்கியது இடிப்பு ஆணை.

ஆகவே நாம் கேட்பது இரக்கம் அல்ல. கல்வியாண்டின் நடுவில் ஒரு குடிசையும் இடிக்கப்படக் கூடாது. வீடு கொடுக்கும் முன் பள்ளியும் பால்வாடியும் திறந்திருக்க வேண்டும். குடும்பத் தொழில் விலக்கு நீக்கப்பட வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கைக்கு வந்து சேர வேண்டும்.

மாணவர்களே, உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார் யார் என்று இந்த வாரமே வீடுவீடாகப் போய்க் கேளுங்கள். பட்டியலோடு வாருங்கள், பள்ளிக்கும் அதிகாரிகளிடமும் சேர்ந்தே போவோம்.