பிள்ளைகள் செய்யும் சுமோ ரோபோ
(கருமத்தம்பட்டியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் மாலை வகுப்பில் ரோபோ செய்யத் தொடங்கியதும் இரண்டு கேள்விகள் வந்தன. சண்டை போடும் இயந்திரம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு? அறக்கட்டளைப் பணத்தைப் பொம்மைக்குச் செலவழிக்கலாமா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஜகாத் நிதியில் ஒரு ரூபாயையும் தொடவில்லை. நிர்வாகிகள் சிலர் தனியாகத் தந்ததில்தான் பொருள் வாங்கினோம். ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

சண்டை என்றதும் பலருக்கு நினைவு வருவது கல்லூரி விழாக்களில் நடக்கும் 'ரோபோ வார்'. 15 கிலோ, 60 கிலோ இயந்திரங்கள், சுழலும் எஃகுத் தகடுகள். தகடு தெறித்தால் ஆபத்து என்பதால் அதற்குத் தனிக் கூண்டே கட்டுவார்கள். அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது மினி சுமோ. சுமோ மல்யுத்தத்தைப் பார்த்து ஜப்பானில் உருவான விளையாட்டு இது. ரோபோ 500 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நீளமும் அகலமும் 10 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். 77 செ.மீ. விட்டத்தில் கருப்பு வட்ட மேடை, அதன் ஓரத்தில் 2.5 செ.மீ. வெள்ளைக் கோடு. எதிராளியின் ரோபோவை மேடையை விட்டுத் தள்ளினால் வெற்றி. வெட்டுவதும் உடைப்பதும் கிடையாது.

ரிமோட்டும் கிடையாது. பொத்தானை அழுத்திவிட்டு விலகிவிட வேண்டும். ஐந்து விநாடி கழித்து அது தானாகப் புறப்படும். அதன்பின் நாம் எவ்வளவு கத்தினாலும் அதற்குக் கேட்காது. நம் ஊருக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஊடை அறுந்தால் விசைத்தறி தானே நின்றுவிடுகிறது அல்லவா? நூல் இருக்கிறதா என்று அது ஓயாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இந்த ரோபோ வெள்ளைக் கோட்டைப் பார்ப்பதும் அதே வேலைதான். அடியில் உள்ள சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கீழே வீசும். கருப்பு அதை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும்.

எங்கள் முதல் ரோபோ எதிராளியே இல்லாமல் மேடையிலிருந்து தானே விழுந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லி நாங்கள் புதிது வாங்கி மாட்டினோம். அதுவும் விழுந்தது. தவறைக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். எதிராளியைத் தேட முன்னால் வைத்த சென்சார் ஒலி அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கும். எதிரில் ஒன்றும் இல்லை என்றால் காத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரம் முழுக்கக் கீழே பார்க்க ஆளில்லை. விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் வண்டி அந்தக் கோட்டைக் கடக்க 25 மில்லி விநாடி போதும். பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள்: மேடையின் குறுக்கே ஒலி போய்த் திரும்ப ஐந்து மில்லி விநாடிகூட ஆகாது. அதற்கு மேல் காத்திருக்காதே என்று ஒரு வரி எழுதினார்கள். ரோபோ விழுவது நின்றது. இன்னொரு லாபம், சுற்றி நிற்பவர்களின் கால்களை எதிரி என்று நினைத்துப் பாய்வதும் நின்றது!

சென்சாருக்கு வீணாகச் செலவழித்தது எங்கள் அவசரம். அந்தத் தொகையை நாங்களே போட்டுவிட்டோம்.

தமக்குக் கணக்கு வராது என்று பள்ளியை விட்டு நிற்கப் பார்த்த பிள்ளைகள் இதே மேசையில் இருக்கிறார்கள். தறிக் குடோனுக்கு வேலைக்குப் போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். தறி வேலையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை, எங்களில் பாதிப்பேர் அதில்தான் வளர்ந்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரையாவது பொறுங்கள் என்று கேட்கிறோம். முடிவெடுக்கும் முன் ஒருநாள் வந்து, உங்கள் பிள்ளை அந்த 25 மில்லி விநாடியை எப்படிக் கணக்கிட்டான் என்று அவனையே கேளுங்கள்.

மகள்களை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு: வகுப்பு மகரிபுக்கு முன் முடிந்துவிடும், தாய்மார்கள் உடன் உட்காரலாம். பேட்டரியைப் பெரியவர்கள் இல்லாமல் சார்ஜ் போட விடமாட்டோம், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

இப்போது எங்கள் ரோபோ 410 கிராம்தான். எடை குறைந்தால் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், எதிராளி சுலபமாகத் தள்ளிவிடுவான். லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் கழிவு இரும்புத் துண்டுகள் தந்தால் போதும். மேடைக்கு ஒரு பிளைவுட் பலகையும் வேண்டும். பெயிண்ட் நாங்கள் அடித்துக்கொள்கிறோம்.