முதல் மூன்று வாரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. "வாத்துக் குஞ்சு வளர்த்து நாலு காசு பார்க்கிறியே, அதைப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. காசு பார்த்த கதையைவிட, குஞ்சைச் சாக விட்ட கதைதான் உங்களுக்கு உபயோகப்படும். அதனால அதைத்தான் முதல்ல சொல்றேன்.

எங்க ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கம். தோட்ட வீடும் ரிசார்ட்டும் நிறைய இருக்கு. குளத்திலயும் புல்தரையிலயும் அழகுக்கு விடறதுக்கு வெள்ளை வாத்து கேட்டு வருவாங்க. வெள்ளைப் பெக்கின்னு சொல்ற ஜாதி. சில பேர் மணிலா வாத்து கேட்பாங்க. இதைப் பார்த்துட்டு, குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி, கொட்டகை போட்டு, ஒரு நாள் வயசுக் குஞ்சு 50 வாங்கினேன்.

மூணாவது நாள் ஒரு அகல டப்பில் தண்ணி நிரப்பி எல்லாத்தையும் நீந்த விட்டேன். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தரணுமான்னு கேட்பாங்களே, வாத்துக் குஞ்சையும் அப்படித்தான் நினைச்சேன். பிள்ளைங்க கை தட்டிச் சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி மழை. கரண்ட் போயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா, மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி 17 குஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு. அடுத்த பத்து நாள்ல இன்னும் 14 போச்சு. மிஞ்சினது 19.

"நம்ம வீட்டுக்கு வாத்து ராசி இல்லம்மா"ன்னு மாமியார் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே வாரக் கூட்டத்துக்குப் போனேன். யாரும் திட்டலை. தவணையை மூணு மாசம் தள்ளி வைச்சுத் தீர்மானம் போட்டாங்க. எங்க பிரதிநிதி அக்கா மட்டும் ஒண்ணு கேட்டாங்க: "எந்தெந்த நாள் எத்தனை செத்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு எழுதி வைச்சியா?" இல்லைன்னேன். "ஒரு ரூபா சேமிப்புன்னாலும் நோட்டில் எழுதுற நாம, உசுரு போறதை எழுத வேண்டாமா?"ன்னாங்க.

அந்த வார்த்தை மனசுல தைச்சுது. நினைவில இருந்ததை எல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் படிச்சுப் பார்த்துட்டு, "இதுல ராசி எதுவும் இல்ல. குளிர், ஈரம், தீவனம், இந்த மூணும்தான்"னு சொன்னாங்க. அவங்க சொன்னதையும், நான் அனுபவத்துல பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல தண்ணி. தாய் வாத்தோட வளர்ற குஞ்சு நனைஞ்சு வந்தா, தாயோட இறக்கைக்குள்ள ஒடுங்கிக் காஞ்சுக்கும். மெஷின்ல பொரிச்ச குஞ்சுக்கு அந்த இறக்கை ஏது? அதோட மஞ்சள் தூவி பஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சிடும், உடம்பு சில்லிட்டுப் போயிடும். அதனால இறகு முளைக்கிற வரைக்கும், அதாவது மூணு நாலு வாரம், நீந்த விடாதீங்க. ஆனா குடிக்கிற தண்ணி எப்பவும் இருக்கணும். அலகும் மூக்குத் துவாரமும் கண்ணும் முக்கிக் கழுவுற ஆழம் வேணும், உள்ளே இறங்க முடியாத மாதிரி பாத்திரம் குறுகலா இருக்கணும். மூக்கைக் கழுவ முடியாட்டி தீவனம் அடைச்சுக்கும், கண்ணுல பொறை கட்டும்.

அடுத்தது சூடு. முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேணும். அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சே சொல்லிடும். பல்புக்கு அடியில முண்டியடிச்சுக் கத்தினா குளிர். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு அதிகம். பரவலாப் படுத்துத் தூங்கினா சரியா இருக்குன்னு அர்த்தம். சுத்தித் தகடு வைச்சு வட்டமா அடைங்க. மூலை இருந்தா அங்க போய்க் குவிஞ்சு, அடியில இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துடும். கரண்ட் போனா என்ன செய்யறதுன்னு குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடியே யோசிங்க. நான் வெந்நீர் பாட்டில் மேல துணி சுத்தி நடுவுல வைக்கிறேன்.

கீழே காஞ்ச உமி போடுங்க. வெறும் பேப்பர் விரிச்சா வழுக்கி, கால் அகண்டு நொண்டியாயிடும். வாத்து தண்ணியைச் சிந்திக்கிட்டே இருக்கும். நனைஞ்ச உமியை அன்னன்னிக்கே அள்ளிடுங்க.

இப்போ தீவனம். எனக்குப் பின்னாடி செத்த 14 குஞ்சும் இதனாலதான் போயிருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும், "கழுவிக் காய வைச்சாப் போதும்"னு போட்டேன். அந்தப் பூசணத்துல அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் உண்டாகுது. கோழி தாங்கிக்கிற அளவைக்கூட வாத்துக் குஞ்சு தாங்காது. கழுவினாலும் காய வைச்சாலும் வேக வைச்சாலும் அது போகாது. வாசனை கொஞ்சம் மாறினாலும் தூக்கிப் போடுங்க. 200 ரூபா தீவனத்தை மிச்சம் பிடிக்கப் போய் நான் 14 உசுரைத் தொலைச்சேன்.

தீவனத்தைப் புட்டு மாவு பதத்துக்குத் தண்ணி தெளிச்சுக் கொடுங்க. வறண்ட மாவு தொண்டையில அடைக்கும். ஒரு வேளைக்குத் தின்கிற அளவு மட்டும் பிசைங்க. மிஞ்சினா புளிச்சுப் போகும். நியாசின்னு ஒரு வைட்டமின், கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும். கோழித் தீவனத்தை மட்டுமே போட்டா கால் வளைஞ்சு நிற்க முடியாமப் போகலாம். டாக்டரைக் கேட்டு பி-காம்ப்ளெக்ஸ் டானிக் கொடுங்க.

காக்கா, பூனை, எலி, கீரிக்குப் பயந்து வலை கட்டணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வாரத்துக்கு மேல வாத்துப் பிளேக் தடுப்பூசி போடுறதைப் பத்தி மருந்தகத்துல கேட்டுக்குங்க. திடீர்னு ரெண்டு மூணு செத்தா, ஒண்ணை மூடி எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. மத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க.

ரெண்டாவது தடவையும் 50 குஞ்சுதான் எடுத்தேன். தினமும் நோட்டுல எழுதினேன். மூணு வாரத்துல நாலு போச்சு, 46 நின்னுச்சு. கடனை முழுசா அடைச்சேன். அந்த நோட்டை இன்னிக்குக் கையில கொண்டு வந்திருக்கேன், யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. கோழி, வாத்துன்னு கடன் கேட்கிறவங்களுக்குக் குஞ்சு விலைக்கு மட்டும் கொடுக்காதீங்க. பல்பு, தகடு, உமி, மூணு வாரத்துக்கு நல்ல தீவனம் எல்லாத்தையும் கணக்குல சேர்த்துக் கொடுங்க. வளர்த்துப் பழகின ஒரு அக்கா அந்த மூணு வாரமும் அப்பப்போ போய்ப் பார்க்கட்டும். எங்க பக்கத்து ஊர்களுக்கு நான் வர்றேன், கூப்பிடுங்க. அன்னிக்கு என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு அக்கா இருந்தாங்க. நம்ம கூட்டமைப்புல எல்லாருக்கும் அப்படி ஒருத்தர் இருக்கணும்.