க்ஷயரோக ஊசியும் ஜனங்களின் நம்பிக்கையும்
(பெரிய காஞ்சிபுரத்துச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிறந்த குழந்தையின் இடது தோளில் இடப்படும் பி.சி.ஜி. ஊசியைப்பற்றிச் சில வார்த்தை சொல்ல விழைகின்றோம். 1955-இல் இராஜாஜி அவர்கள் இவ்வூசியைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார்கள். அத்தகைய பெரியாரே ஐயுற்றபோது, குழித்தறியில் அமர்ந்திருந்த நம்மவர் அஞ்சியதில் வியப்பில்லை.

பின்னர் 1968 முதல், காஞ்சியும் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவில், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு பெரியதொரு பரீட்சை நடந்தது. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லா ஊசி, இன்னாருக்கு இன்னதென்பது இட்டவருக்கும் தெரியாது. முடிவோ பாதகமாயிற்று. வயதுவந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை. அதனை மறையாது வெளியிட்டார்களே, அச்செய்கையையே யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் இங்கிலீஷ் சஞ்சிகை படிப்போர் நம் தெருக்களில் எத்தனை பேர்?

அரைச்சரிகையை அரைச்சரிகை என்றே சொல்லி விற்கும் கடைக்கன்றோ வாங்குவோர் மீண்டும் வருவர்! ஊசியிடுவோரும் அவ்வாறே கூறல் வேண்டும். சிசுக்களின் மூளையைப் பற்றும் கொடிய க்ஷயத்தை இது பெரிதும் தடுக்கும். ஆகவே இடாதிருத்தல் தகாது. பெரியோர்க்கு இதுவே காப்பென்று இருந்துவிடலாகாது. இரு வாரங்களுக்கு மேல் இருமினால் சளியைச் சோதித்தல் வேண்டும். சில வாரங்களில் ஊசியிட்ட இடம் கொப்புளித்துத் தழும்பாதல் இயல்பே. இஃதொன்றை முன்னரே சொல்லாமையால் எத்தனை தாய்மார் கலங்கியிருக்கின்றனர்!

அடுத்த மாதம் டாக்டர் ஒருவரைச் சங்கத்துக்கு வரவழைக்கக் கருதியுள்ளோம். தாய்மார் எவ்வினாவும் கேட்கலாம். நாணுவோர் சீட்டெழுதி அனுப்புக.