கோல்கொண்டா தந்த பாடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் ஏறினால் சாதனையைச் சொல்வது வழக்கம். நான் ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கேன்.

2018-ல் கயத்தாறில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டினேன். பிளான், மேற்பார்வை எல்லாம் நானே. கரிசல் மண்ணாச்சே என்று அஸ்திவாரத்தை ஆழமாகப் போட்டேன். இன்றுவரை சுவரில் விரிசல் கிடையாது. ஆனால் அழகுக்காக மேற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி வைத்துவிட்டேன். சித்திரை வந்தது, வீடு அடுப்பாகிவிட்டது. அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். "உள்ளே மூச்சு முட்டுதுய்யா" என்பதோடு சரி, வேறு குறை சொல்லவில்லை. ஏசி வாங்கிக் கொடுத்தேன். கரண்டு பில்லுக்குப் பயந்து போடவே மாட்டார்கள்.

அந்தச் சமயம் வேலை விஷயமாகப் புதுச்சேரி போனேன். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியில் இரண்டு நாள் தங்க இடம் கிடைத்தது. 1930-களின் இறுதியில் தொடங்கி, உலகப்போர்க் காலத்தில் எழும்பிய கான்கிரீட் கட்டடம். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர். கூடவே இருந்து கட்டியவர்களில் ஒருவர், பின்னாளில் மரவேலையில் உலகப்புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் ஹைதராபாத்திலிருந்து நன்கொடை வந்ததால்தான் அந்தப் பெயர்.

கட்டடம் தெற்கும் வடக்கும் பார்த்து நீளமாக நிற்கிறது. அந்த இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலும் மழையும் வெளியே நிற்கும், கடல்காற்று மட்டும் உள்ளே வரும். அறைக் கதவிலும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி. மூடினாலும் காற்று நிற்காது. கூரைக்கு மேலே இன்னொரு கூரை மாதிரி வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. பங்குனி மாசத்தில் எனக்கு ஃபேன் நினைப்பே வரவில்லை.

கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று கம்பியைத் தின்னும் என்று நாம் படித்திருக்கிறோம். எண்பது வருஷம் தாண்டியும் அது நிற்கிறதென்றால், தினமும் துடைத்துப் பராமரிக்கிற கைகள்தான் காரணம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே நான் சுகமாகப் படுத்திருக்கேன். என் வீட்டில் அம்மா வாசலில்!

செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேலக்காற்றை நம்பித்தான் கயத்தாறில் அத்தனை காற்றாலை சுத்துது. அந்தக் காற்றுக்குத்தான் நான் கண்ணாடி போட்டு வழியை அடைத்திருக்கேன்!

ஊருக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினேன். நம்ம ஊர் ஆசாரி தேக்குப் பலகையில் திருப்புகிற சட்டங்கள் செய்து கொடுத்தார். மாடிமேல் ஓட்டுக்கூரை போட்டேன். ஆடி மாசம் கரிசல் புழுதி உள்ளே வரத்தான் செய்யுது. "பெருக்கிக்கிடலாம்யா, காத்து வருதுல்லா" என்று சொல்லிவிட்டு அம்மா இப்போ உள்ளேதான் தூங்குறாங்க.

தம்பி தங்கைகளே! கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போட இந்தக் கல்லூரி கற்றுக் கொடுத்தது. அதோடு, சாவியை ஒப்படைக்கும் முன்னால் ஒரு கோடை ராத்திரி அந்த வீட்டில் படுத்துப் பாருங்கள்.