முதியோர் கல்வியின் வரவும் செலவும்



முதியோர் கல்வி மலிவான கல்வி என்றொரு கருத்து நெடுநாளாக நிலவிவருகிறது. கட்டடம் வேண்டாம், சம்பள ஆசிரியர் வேண்டாம். ஊரில் ஒரு திண்ணையும் தொண்டர் ஒருவரும் கிடைத்தால் போதும் என்பர். மத்திய அரசு 2022 முதல் 2027 வரை வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தைப் பாருங்கள். 5 கோடிப் பேருக்கு 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். தலைக்கு ஏறத்தாழ 208 ரூபாய்.

திருப்பூரில் இருந்துகொண்டு கணக்கிட்டால் எனக்கு வேறு தொகை வருகிறது. எழுதப் படிக்கக் கற்க ஏறத்தாழ 200 மணி நேரம் வேண்டும் என்பது, 1988இல் தோன்றிய தேசிய எழுத்தறிவு இயக்கக் காலத்து அளவு. எட்டு மணி ஷிப்டுக்கு அது 25 ஷிப்ட். பனியன் கம்பெனியில் உருப்படிக் கூலிக்கு ஓவர்லாக் தைப்பவருக்கு அவ்வளவும் விட்டுப்போன கூலி. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பி, அதன்பின் உலை வைக்கும் பெண்ணுக்கோ அது விட்டுப்போன உறக்கம். கற்பிக்கும் தொண்டரின் மாலைப் பொழுதுக்கும் விலை உண்டல்லவா? இவற்றுள் ஒன்றும் அரசின் ஏட்டில் ஏறுவதில்லை.

வரவும் சிறிதன்று. தைத்த உருப்படிகளைத் தம் கையாலேயே குறித்து வைப்பவர், சனிக்கிழமைச் சம்பளத்தின்போது ஒப்பந்தக்காரர் சொல்லும் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கலாம். வைப்புநிதிக் கணக்கில் தம் பெயர் பிழையின்றி இருக்கிறதா என்று காணலாம். ஓரெழுத்து மாறினால் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

பயன் கண்ணெதிரே தெரிந்தால் மக்கள் செலவுக்கு அஞ்சுவதில்லை. புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று நகைத்தவர் உண்டு. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவர் துணையையும் எதிர்பாராமல் போய்வந்த பெண்கள் அவ்வாறு நகைக்கவில்லை. ஆயினும் அது வேளாண்மை நாடு. வேலை ஓய்ந்த மாதங்கள் அங்கே உண்டு. திருப்பூரில் ஓய்வு என்பது ஆர்டர் இல்லாத காலம்; அப்போது கூலியும் இராது, அரிசிக் கடனும் ஏறியிருக்கும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்போருக்கு எந்த மொழியில் கற்பிப்பது என்ற கேள்வியும் உண்டு. பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டும் நாள்தோறும் குறுக்கிடுவதால் தமிழெழுத்தே முந்தட்டும் என்பேன். தாய்மொழியே முந்த வேண்டும் என்பாரோடு எனக்குப் பகையில்லை.

செலவில் ஒரு பங்கைத் தொழிலே ஏற்பதுதான் நேர்மை. ஷிப்டுக்குள்ளேயே நாளுக்கு ஒரு மணி, கூலி குறையாமல் விட்டால், வாரம் ஆறு மணியாக 34 வாரத்தில் பாடம் முடியும். உருப்படிக் கூலிக்காரருக்கு முன்வாரச் சராசரியைக் கொண்டு அந்த மணிக்குக் கூலி தரலாம். சரக்கு கப்பலேறும் நெருக்கடி வாரங்களில் வகுப்பை நிறுத்தி, பின்னர் ஈடுகட்டிக் கொள்ளட்டும். கற்பவர் எவரும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.