அம்மா மறுபடி கொழுந்து பறிப்பாங்களா?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்மில் பலரைப் படிக்க வைத்தவை கொழுந்து பறித்த கைகள். பெரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் மலையேறிய அம்மாமாரின் கைகள். அந்தக் கை பாரிசவாதத்தில் விழுந்துவிட்டால், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தாதியராகவும் இயன்மருத்துவராகவும் வேலை செய்யும் எங்களிடம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், அம்மா மறுபடி கொழுந்து பறிப்பாங்களா?"

இதற்கு இப்போது ஓரளவு பதில் உண்டு. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் 188 நோயாளரைப் பார்த்தார்கள். நோய் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டே சோதனைகள்: கையைப் பக்கவாட்டில் தோளிலிருந்து தூக்க முடிகிறதா? மடங்கிய விரல்களைக் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா? இரண்டும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25. ஒன்பதாம் நாளிலும் முடியாவிட்டால் 14.

ஆனால் 'ஓரளவு கைத்திறன்' என்றால் கோப்பையைப் பிடிப்பது போன்ற காரியம். இரண்டு கையாலும் நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளுவது வேறு. அதை இந்தக் கணக்கு சொல்லாது.

இன்னொன்றை வெட்கத்தோடு சொல்கிறோம். ஒரு தாயின் விரல்கள் மூன்றாம் நாள் அசையவில்லை. "பெரிதாக நம்ப வேண்டாம்" என்று மகளிடம் சொன்னோம். டவுனுக்கு வந்துபோனால் பஸ் காசும் போகும், ஒரு நாள் பேரும் போகும். அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வந்தபோது கை இறுகியிருந்தது. பெருவிரலோ மெல்ல அசைந்தது. 25 என்பது பூச்சியம் அல்ல என்பதை அன்று அந்தப் பெருவிரலிடம் கற்றோம். இப்போது ஒரு நாள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வீட்டாருக்குப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தே அனுப்புகிறோம்.

சகோதரிகளே, முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். லயத்தில் இருப்பவர்கள் வாராவாரம் கை அசைவைக் கொப்பியில் எழுதிவையுங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஃபோனில் "அம்மா எப்படி?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்தக் கிழமை விரல் விரிஞ்சதா?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியாலும் பயிற்சி நிற்காமல் நடக்கும்.