நித்தியகல்யாணி அளித்த நன்மருந்து



நம் குடியிருப்பின் வாயில்தோறும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணியை அறியாதார் இலர். சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் அதற்கு உண்டாதலால், வீட்டில் வைக்கத் தயங்குவோரும் உளர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அச்செடியே இன்று குழந்தைகளின் உயிர்காக்கும் மருந்தொன்றைத் தருகின்றது.

ஜமைக்கா மக்கள் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாக்கிப் பருகி வந்தனர். 1952-இல் அவ்விலைகள் கனடாவில் ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்தன. சாற்றை வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தியபோதோ சோதனை விலங்குகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படியாயின், வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோயை இது அடக்கலாம் அன்றோ? இவ்வழியே சென்று, அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டீனைப் பிரித்தெடுத்து 1958-இல் வெளியிட்டனர். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டீன் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நுண்ணிய புரத இழைகள் மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. அவ்விழைகள் உருவாகாதபடி இம்மருந்து தடுப்பதால், அணு பாதியிலேயே நின்று மடிகின்றது. பிற மருந்துகளோடு இணைந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலும், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களிலும் வின்கிறிஸ்டீன் பயன்படுகின்றது. ஒரு காலத்தில் சில மாதங்களில் உயிரைப் பறித்த குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலிருந்து, நற்சிகிச்சை வாய்க்கும் நாடுகளில் இன்று பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கின்றனர்.

எனினும் இது கூரிய வாள். கை கால் மரத்துப்போதல், மலச்சிக்கல், முடி உதிர்தல் ஆகியன நேரலாம். இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை புண்ணாகும். முதுகுத்தண்டு நீரில் தவறிச் செலுத்தினால் உயிரே போகும். ஆதலின் இதைத் தேர்ந்த மருத்துவரே கையாளல் வேண்டும்.

“செடி வாசலிலேயே இருக்கின்றதே, இலையை அரைத்துக் குடித்தாலென்ன?” என்று சிலர் வினவுவர். கூடாது. ஒரு கிராம் மருந்திற்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலையிலோ வேறு பல நச்சுப் பொருள்களும் உள. அதனை நம்பிக் கழிக்கும் மாதங்களில் நோய் முற்றிவிடும்.

தாய்மார்களே! விடாத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு, கழுத்துக் கட்டி ஆகியவற்றைக் குழந்தையிடம் கண்டால் மருத்துவரிடம் விரையுங்கள். சிகிச்சை தொடங்கியபின் முடி உதிர்வது கண்டு நடுவில் நிறுத்தாதீர்கள். உதிர்ந்த முடி வளரும். வாசற்பூ கண்ணுக்கு இனிமை தரட்டும். மருந்து மருத்துவமனையிலிருந்தே வரட்டும்.